குரோஷே புதிதாகக் கற்கிறேன்: சதுரம் ஏன் முக்கோணமாகிறது, முதலில் எதைப் பின்னலாம்?

கேள்வி: நாற்பது வயதில் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) கற்க ஆரம்பித்திருக்கிறேன். இணையத்தில் 12 ஊசி கொண்ட செட் ஒன்றும் கறுப்பு உல்லன் நூலும் வாங்கினேன். வீடியோ பார்த்துப் பின்னினால் சதுரமாக வரவேண்டியது முக்கோணமாகிறது. வட்டமாக வரவேண்டியது கிண்ணமாகிறது. எனக்குக் கைராசி இல்லையோ என்று தோன்றுகிறது. எளிதாகச் செய்யக்கூடிய பொருட்கள் எவை? என் பாட்டி நாகர்கோவில் பக்கம் லேஸ் போட்டவர். அதுவும் இதுவும் ஒன்றா? பழகியபின் விற்க முடியுமா?

பதில்:

கையைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு நூலில் ஒரு கண்ணி எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்பது, பல வருடம் பின்னியவர்களுக்கே ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது. ஊசியை ஆட்டும் விதம் ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும். பின்னியதைப் பார்த்து, 'இது ஒரு கண்ணி, இது அடுத்தது, ஊசி இந்த இடத்தில் நுழைய வேண்டும்' என்று படிக்கத் தெரிவதற்குத்தான் நாளாகும். அது வந்துவிட்டால் முக்கோணமும் கிண்ணமும் தானாக நின்றுபோகும். அதனால் முதல் வேலையாக அந்தக் கறுப்பு நூலை எடுத்துப் பீரோவில் வையுங்கள்.

அதற்குப் பதிலாக வெளிர் மஞ்சள், வெளிர் நீலம், சந்தனம் என்று ஏதாவது ஒரு இளநிறத்தில், ஒரே சீரான தடிமனில், பிரியாத நூலாக ஒரு பந்து வாங்குங்கள். பஞ்சுபஞ்சாக ரோமம் நிற்கும் நூல், மினுமினுப்பு இழை ஓடும் நூல், பல வண்ணம் மாறி மாறி வரும் நூல் மூன்றும் கடையில் அழகாக இருக்கும், கற்பவரைப் பாடாய்ப் படுத்தும். இப்போது 'மில்க் காட்டன்' என்ற பெயரில் சின்னப் பந்துகளாகக் கிடைப்பது பழகுவதற்குத் தோதானது. பெயரில்தான் காட்டன், பெரும்பாலும் அக்ரிலிக் கலந்திருக்கும். லேபிளில் பாருங்கள். லேபிள் இல்லையென்றால் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள்: பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கடினமான கறுப்பு மணியாகும். இந்தச் சோதனை பின்னால் பிடிதுணி செய்யும்போது மிகவும் தேவைப்படும்.

ஊசியில் 12 அளவும் வேண்டாம். 4 மி.மீ. ஊசியை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு மற்றதைப் பையிலேயே வையுங்கள். ஊசியின் அளவை எப்போதும் மி.மீ. கணக்கில் பேசுங்கள். எண் போட்ட பழைய ஊசிகளில் ஊருக்கு ஊர் வேறு கணக்கு; சிலதில் எண் கூடினால் ஊசி மெலியும், சிலதில் தடிக்கும். மெல்லிய குரோஷே நூலுக்கும் 10, 20, 40 என்று எண் உண்டு. அதில் எண் கூடக் கூட நூல் மெலிசு. 40ஆம் எண் நூலில் மேசை விரிப்பு போடுவது உங்கள் அடுத்த வருட வேலையாக இருக்கட்டும். ஊரில் தையல் சாமான் கடைக்குப் போனால் 'குரோஷா ஊசி' என்று கேளுங்கள், சட்டென்று எடுத்துத் தருவார்கள். சென்னைக்காரர் என்றால் பாரிமுனைத் தெருக்களில் ஒரு நடை நடந்தால் நூலைக் கையில் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். திரையில் பார்த்து வாங்கினால் தடிமன் தெரியாது.

ஊசியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நுனியில் கொக்கி, அதற்குக் கீழே குறுகிய தொண்டை, அதற்கும் கீழே ஒரே தடிமனாகத் தண்டு, பிறகு விரல் வைக்கும் தட்டையான இடம். கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது தண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் கண்ணி நழுவிவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் தொண்டையிலேயே இறுக்கிப் பிடிப்பார்கள். அங்கே உருவாகும் கண்ணி 4 மி.மீ. இருக்காது. அடுத்த வரிசையில் ஊசி உள்ளே போக மறுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு குத்த வேண்டியிருக்கும், மணிக்கட்டு வலிக்கும். ஒவ்வொரு கண்ணியையும் தண்டுவரை இறக்கிவிட்டு அடுத்ததை ஆரம்பித்தால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் போய்விடும். ஊசியைப் பேனா மாதிரி பிடிப்பதா, கத்தி மாதிரி பிடிப்பதா என்று சண்டையே நடக்கும். வலிக்காதது எதுவோ அதுவே சரி. உள்ளங்கை வியர்க்கிறவர்களுக்கு அலுமினிய ஊசி வழுக்கும். நம் ஊர் மே மாதத்தில் மூங்கில் ஊசியோ ரப்பர் பிடி போட்ட ஊசியோ நிம்மதி தரும். இடதுகைக்காரர் என்றால் வீடியோவைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

சங்கிலியும் சிங்கிள் குரோஷேயும் மட்டும் முதல் பத்து நாளுக்குப் போதும். சங்கிலி போடத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். 21 சங்கிலி போடுங்கள். ஊசியில் மாட்டியிருக்கும் வளையத்தை எண்ணக்கூடாது. இப்போது ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஊசியை நுழைத்து, நூலைக் கொக்கியில் பிடித்து வெளியே இழுங்கள். ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். மறுபடி நூலைப் பிடித்து அந்த இரண்டுக்குள்ளும் ஒரே இழுப்பாக இழுங்கள். ஒரு சிங்கிள் முடிந்தது. கடைசிவரை போனால் 20 இருக்க வேண்டும்.

இங்கே நிறுத்தி, பின்னியதை மேலிருந்து குனிந்து பாருங்கள். மேல் விளிம்பு முழுக்க, படுக்கவைத்த சடை மாதிரி, 'வி' வடிவங்கள் வரிசையாக இருக்கும். ஒரு 'வி' ஒரு கண்ணி. அடுத்த வரிசையில் ஊசி அந்த 'வி'யின் இரண்டு கால்களுக்கும் அடியில் நுழைய வேண்டும். ஒரு காலை மட்டும் பிடித்தால் துணியில் வரிவரியாகக் கோடு விழும். வேண்டுமென்றே செய்தால் அது டிசைன், தெரியாமல் செய்தால் கோளாறு. விரலால் ஒவ்வொரு 'வி'யையும் தொட்டு எண்ணிப் பாருங்கள். இதைத்தான் படிப்பது என்றேன்.

இனி உங்கள் முக்கோணம். வரிசையின் இரண்டு ஓரத்திலும்தான் கண்ணிகள் காணாமல் போகின்றன. சிங்கிளில் வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்புவோம். அந்தச் சங்கிலி உயரம் தருவதற்கு மட்டுமே, அது கண்ணிக் கணக்கில் வராது. ஆகவே அடுத்த வரிசையின் முதல் கண்ணி, ஓரத்தில் இருக்கும் முதல் 'வி'யிலேயே விழ வேண்டும். அது கொஞ்சம் இறுகி ஒளிந்திருக்கும்; பலர் அதை விட்டுவிட்டு இரண்டாவதில் குத்துவார்கள். அடுத்த கோடியில், கடைசி 'வி' சாய்ந்து பக்கவாட்டில் மடங்கியிருக்கும். அதையும் விட்டுவிட்டால் வரிசைக்கு இரண்டு கண்ணி போச்சு. பத்து வரிசையில் 20 கண்ணியும் தீர்ந்து முக்கோணம் ரெடி. மருந்து எளிது: ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு ஊக்கை மாட்டுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் இடத்தில் கட்டாயம் பின்ன வேண்டும். இதற்கென்று பிளாஸ்டிக் மார்க்கர் விற்கிறார்கள். வீட்டில் ஊக்கு இல்லாத புடவைக்காரர் யார்?

டபுள் குரோஷேக்கு (நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு தொடங்கும் உயரமான கண்ணிக்கு) வந்தால் கணக்கு மாறும். அங்கே திருப்பும்போது போடும் 3 சங்கிலியே முதல் கண்ணியாகக் கணக்கில் வரும். அதனால் முதல் 'வி'யைத் தாண்டி இரண்டாவதில் ஆரம்பிக்க வேண்டும். வரிசையின் கடைசிக் கண்ணி, போன வரிசையின் அந்த 3 சங்கிலியின் உச்சியில் விழ வேண்டும். சிங்கிளுக்கு ஒரு சட்டம், டபுளுக்கு வேறு சட்டம் என்பதை யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்வதில்லை. குழப்பம் எல்லாம் இதில்தான்.

இன்னொரு குழப்பம் வீடியோக்காரர்களால் வருவது. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். நான் சொல்வதெல்லாம் அமெரிக்க முறை. ஒரு வடிவத்தைப் பின்னும்போது எதிர்பார்த்ததைவிட உயரம் இரண்டு மடங்காக வந்தால் ஊசியைத் திட்டாதீர்கள். எழுதியவர் எந்த ஊர் முறையில் எழுதினார் என்று பாருங்கள். பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற பெயரே கிடையாது. ஆகவே குறிப்பில் எங்காவது சிங்கிள் என்று வந்தால் அது அமெரிக்கக் கணக்கு.

கிண்ணத்துக்கு வருவோம். தட்டையான வட்டம் வெறும் கணக்குதான். சிங்கிளில் முதல் சுற்றில் 6 கண்ணி என்றால் சுற்றுக்கு 6 கூட வேண்டும்: 6, 12, 18, 24, 30, 36. இரண்டாம் சுற்றில் எல்லாக் கண்ணியிலும் இரண்டிரண்டு. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு. நான்காவதில் இரண்டு தனித்தனியாக, மூன்றாவதில் இரண்டு. இப்படியே போகும். டபுளில் 12இல் தொடங்கி 12 12ஆகக் கூட்டுவோம். கூட்டியது குறைந்தால் ஓரம் மேலே எழும்பிக் கிண்ணமாகும், அதிகமானால் பாவாடைக் கொசுவம் மாதிரி அலையும். இரண்டையும் பார்த்தவுடன் எது தப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். கூட்டும் இடம் எல்லாச் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாகவே அமைந்தால் வட்டம் மெல்ல அறுகோணமாக மாறும். ஒரு சுற்றில் தொடக்கத்திலும் அடுத்ததில் நடுவிலுமாகக் கூட்டும் இடத்தை நகர்த்திவிட்டால் உருண்டையாக நிற்கும். வட்டம் தொடங்கும் 'மேஜிக் ரிங்' பலரை அழவைக்கும். இப்போதைக்கு அதை விடுங்கள். 2 சங்கிலி போட்டு, முதல் சங்கிலிக்குள்ளேயே 6 சிங்கிள் பின்னுங்கள். துளை சின்னதாகத்தான் இருக்கும். பொம்மை செய்யும்போது மேஜிக் ரிங் கற்றுக்கொள்ளலாம்.

பாட்டியின் லேஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் கற்றுக்கொடுத்து வளர்ந்த லேஸ், தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் கூடப் போனது. அதில் கொக்கி ஊசியே இல்லை. பல நூல்கள் ஒரே நேரத்தில் ஓடும். குரோஷேயில் ஒரே நூல், ஒரே ஊசி, எப்போதும் ஒரே ஒரு வளையம்தான் உயிரோடு இருக்கும். அதனால்தான் தப்பு வந்தால் சர்ரென்று இழுத்துப் பிரித்துவிட முடிகிறது. நம் பக்கத்தில் குரோஷே லேஸ் என்றே பெயர் வாங்கிய ஊர் ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கும் நரசாபூர். அந்த லேஸ் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பாட்டி எதைப் போட்டார் என்று தெரிய வேண்டுமானால் வீட்டில் மிச்சமிருக்கும் துண்டைப் பாருங்கள். நூல்கள் துணி நெய்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் தலையணை லேஸ். 'வி'க்களும் வளையங்களும் தெரிந்தால் குரோஷே.

இனி பொருட்கள். எதைச் செய்தாலும் அது ஒரு புதிய விஷயத்தை மட்டும் கற்றுத்தர வேண்டும் என்பது என் கட்சி. முதல் நாளே பொம்மை, ஸ்வெட்டர் என்று தாவுகிறவர்கள் அரைகுறையாக நிறுத்திப் பையில் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் சமையலறைத் துடைதுணி. 31 சங்கிலி, 30 சிங்கிள், சதுரமாகும்வரை. அவ்வளவுதான். முழுப் பருத்தி நூலாக இருந்தால் தண்ணீரை நன்றாக இழுக்கும். கொஞ்சம் கோணலாக வந்தாலும் மேடை துடைக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள்? இதே சதுரம் இரண்டைப் பின்னி ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுற்றிலும் சேர்த்தால் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி. இது கண்டிப்பாக முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்துக்காக அக்ரிலிக் பொருளை இஸ்திரி போடவும் கூடாது, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் தொங்கவிடவும் கூடாது.

அடுத்து டம்ளர் வைக்கும் வட்டத் தட்டி. டபுளில் 4 சுற்று, 48 கண்ணி, 4 மி.மீ. ஊசியில் சுமார் 10 செ.மீ. வரும். வட்டக் கணக்கு கைக்குள் வர இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆறு செய்தால் ஒரு செட். கோடைக்கால மோர் டம்ளருக்கு அடியில் வைத்தால் மேசையில் தண்ணீர் வட்டம் விழாது.

தலைமுடி ரப்பர் பேண்ட் மேல் பின்னுவது அரைமணி வேலை. சாதாரண கறுப்பு ரப்பர் பேண்டுக்குள் ஊசியை விட்டு, அதைச் சுற்றி நெருக்கமாக 40, 50 சிங்கிள் போட்டு மூடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் 3 டபுள். வட்டக் கணக்கில் தப்பு என்று சொன்ன அந்தக் கொசுவம் இங்கே அழகு. மிச்ச நூல்களைத் தீர்க்க இதைப்போல வழி இல்லை. பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எத்தனை செய்தாலும் போதாது.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய டிசர்ட்டில் கூடை பின்னுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நூல் வாங்கக் காசே தேவையில்லை. பக்கவாட்டில் தையல் இல்லாத பனியன் துணி டிசர்ட்டாகப் பாருங்கள். அடி மடிப்பை வெட்டி எறியுங்கள். அக்குளுக்குக் கீழே நேராக வெட்டினால் ஒரு குழாய் மிஞ்சும். அதைத் தரையில் விரித்து, ஒரு பக்க மடிப்பைத் தூக்கி எதிர்ப்பக்க மடிப்புக்கு 4 செ.மீ. முன்னால் வருமாறு வையுங்கள். இப்போது 2.5 செ.மீ. இடைவெளியில் நெடுக வெட்டிக்கொண்டே போங்கள். மேலே வைத்த மடிப்பு முழுக்க வெட்டுப்பட வேண்டும், அந்த 4 செ.மீ. ஓரம் மட்டும் வெட்டுப்படாமல் முதுகெலும்பு மாதிரி நிற்க வேண்டும். பிறகு அந்த ஓரத்தை விரித்துப் பிடித்து, இந்தப் பக்க முதல் வெட்டிலிருந்து எதிர்ப்பக்க இரண்டாம் வெட்டுக்குச் சாய்வாக வெட்டுங்கள், அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததற்கு. நேராக வெட்டினால் தனித்தனி வளையமாகிவிடும், சாய்வாக வெட்டினால்தான் ஒரே நீள நாடா. பெரியவர்கள் டிசர்ட் ஒன்றில் சுமார் 15 மீட்டர் தேறும். கடைசியாக அந்த நாடாவைக் கைக்குக் கை பலமாக இழுங்கள். ஓரங்கள் உள்ளே சுருண்டு உருண்டையான கயிறாகும். பனியன் துணி பின்னல் துணி என்பதால்தான் இப்படிச் சுருள்கிறது. சட்டைத் துணியோ புடவையோ சுருளாது, நூல்நூலாகப் பிரியும்.

இதற்கு 8 அல்லது 10 மி.மீ. ஊசி. வட்டக் கணக்கில் சிங்கிளாக அடிப்பாகம் பின்னுங்கள். வேண்டிய அகலம் வந்ததும் ஒரு சுற்றை மட்டும் 'வி'யின் பின்கால்களில் பின்னினால் அங்கே துணி விறைப்பாக மடங்கும். அதற்குப் பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டுச் சுற்றிக்கொண்டே போங்கள். சுவர் எழும்பும். உங்களுக்குத் தானாக வந்த கிண்ணத்தை இப்போது வேண்டுமென்றே செய்கிறீர்கள். வெங்காயம் பூண்டு போட, ரிமோட்டுகள் போட, பூத்தொட்டியை மூட என்று வீட்டில் உபயோகம் ஏராளம். தடித்த நூலில் கண்ணிகள் பெரிதாகத் தெரிவதால், படிக்கத் தடுமாறுகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கினாலும் தப்பில்லை. ஆனால் கை வலிக்கும். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து விரலை நீட்டி மடக்குங்கள்.

சதுரம் நேராக வந்த பிறகு 'கிரானி ஸ்கொயர்' பக்கம் போகலாம். 4 சங்கிலியை வளையமாக இணைத்து, அதற்குள் மூன்று டபுள் கொண்ட கொத்து நான்கு, ஒவ்வொரு கொத்துக்கும் நடுவில் 2 சங்கிலி. அந்த 2 சங்கிலி இடைவெளிதான் மூலை. அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்து, நடுவில் 2 சங்கிலி. இங்கே 'வி'யில் குத்த வேண்டியதில்லை, இடைவெளிக்குள் பின்னினால் போதும் என்பதால் டிவி பார்த்துக்கொண்டே ஓட்டலாம். சதுரங்களைச் சேர்த்தால் பை, தலையணை உறை, போர்வை. 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இண்டியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையை உருவாக்கி கின்னஸ் சாதனை படைத்ததும் இதே வழியில்தான்: பல பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகளை ஓரிடத்தில் இணைத்தார்கள். உங்கள் வீட்டுப் போர்வைக்கு அந்த அவசரம் இல்லை. எல்லாச் சதுரத்தையும் ஒரே ஊசியில் பின்னுங்கள், இல்லாவிட்டால் இணைக்கும்போது அளவு இடிக்கும். ஒரே சாய லாட் நூலாக முதலிலேயே மொத்தமாக வாங்குவதும் முக்கியம். லேபிளில் லாட் எண் இருக்கும். அடுத்த மாதம் போய் அதே நிறம் என்று வாங்கினால் வெயிலில் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் பல்லிளிக்கும்.

பொம்மை பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஜப்பானிய முறைக் குட்டி பொம்மைகளுக்குக் குறிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. இரண்டு விஷயம் மட்டும்: நூல் லேபிள் சொல்லும் அளவைவிட ஒரு அளவு சின்ன ஊசியில் பின்னினால்தான் உள்ளே திணித்த பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண், மணி எதுவும் வேண்டாம், நூலாலேயே கண் போடுங்கள்.

புடவைக் குச்சு எல்லோருக்கும் ஆசை. முந்தானை ஓரத்தில் பட்டு நூலும் மணியும் சேர்த்துப் போடும் குரோஷே குச்சு பார்க்க அள்ளும், ஆனால் முதல் முயற்சியைக் கல்யாணப் பட்டில் செய்துவிடாதீர்கள். கொக்கி ஊசி நேராகப் பட்டைக் குத்தும்போது இழை கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு வரும். தையல் ஊசியால் ஓரம் முழுக்கச் சீரான இடைவெளியில் வளையத் தையல் போட்டு, அந்த வளையங்களில் குரோஷேயைத் தொடங்குவது பத்திரமான வழி. முதலில் பழைய காட்டன் துப்பட்டா ஒன்றில் முழு ஓரத்தையும் போட்டுப் பாருங்கள். பட்டு நூல் வழுக்கும் என்பதால் கண்ணியின் இறுக்கம் கையில் நிலைத்த பிறகே இது சரிப்படும்.

எதைச் செய்தாலும் முடிவு வேலையில் சோம்பல் கூடாது. நூலை வெட்டும்போது ஒரு சாண் மிச்சம் விடுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் இரண்டாவது துவைப்பில் அவிழ்ந்துவிடும். மழுங்கிய ஊசியில் கோத்துக் கண்ணிகளுக்குள் ஒரு பக்கம் ஓட்டி, திரும்பி, மறுபடி ஒருமுறை ஓட்டி வெட்டுங்கள். அதன்பின் பருத்திப் பொருளை நனைத்துப் பிழிந்து, தெர்மாகோல் அட்டைமேல் துருப்பிடிக்காத குண்டூசியால் சரியான வடிவத்துக்கு இழுத்துக் குத்திக் காயவிடுங்கள். ஓரம் சுருண்ட, கோணலான துண்டுகூட அடங்கிவிடும். விரிப்பு விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் நம் வீட்டு ஜவ்வரிசிக் கஞ்சியே போதும். நீர்க்க வடிகட்டி முக்கி எடுங்கள். மாதக்கணக்கில் மடித்து வைப்பதாக இருந்தால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள், கஞ்சி வாசனைக்குப் பூச்சி வரும்.

விற்பனை. முடியும். ஆனால் நூல் விலையை இரட்டிப்பாக்கி விலை சொல்வது என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அது குரோஷேக்கு ஒத்துவராது. இந்தப் பின்னலை அப்படியே போடும் மெஷின் சந்தையில் இல்லை. பெரிய கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷே ஜாக்கெட்டும் எங்கோ ஒரு பெண் கையால் பின்னியதுதான், அவருக்குக் கூலி குறைவு, அவ்வளவே. அந்த விலையோடு போட்டி போட்டால் உங்கள் கூலியும் அங்கேதான் போய் நிற்கும். ஒரு பொருளை மூன்று முறை பின்னி, மூன்றாவது முறை ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் தையல்காரருக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறதோ அதை வைத்துப் பெருக்கி, நூல், பஞ்சு, மணி, பொட்டலம், கூரியர் எல்லாம் கூட்டுங்கள். வரும் தொகைக்கு யார் வாங்குவார்கள் என்று யோசித்தால் எதைச் செய்யலாம் என்பது தெளிவாகும். போர்வைக்குப் பெரும்பாலும் ஆள் கிடைக்காது. முடி பேண்ட், சாவிக் கொத்துப் பொம்மை, நவராத்திரி சீசனில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் சின்னப் பை போன்றவற்றுக்குக் கிடைக்கும். ஆர்டர் எடுக்கும்போது பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு நூல் வாங்குங்கள். கொலுவுக்கு என்று கேட்டால் ஆடி மாதமே கேட்கச் சொல்லுங்கள்.